கண்ணை மூடி உட்கார்ந்தால்தான் ஞானமா?

நண்பர் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்தில் மூன்று விதமான தியானப் பயிற்சிகளுக்குப் போயிருக்கிறார். மூன்றிலும் கண்ணை மூடிய பத்தாவது நிமிடம் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆசிரியரிடம் சொன்னால் "உங்க கர்மா கழியுது, விடாம உட்காருங்க" என்கிறார். வீட்டில் அம்மாவோ ஒருநாள்கூடத் தியானம் என்று உட்கார்ந்தவர் இல்லை. காலையில் பூத்தொடுப்பார், திருவாசகம் முணுமுணுப்பார், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் யாருக்கு என்ன நடந்தாலும் கலங்காமல் நிற்பது அவர்தான். அப்படியென்றால் தியானம் எல்லோருக்கும் பொருந்துமா, பொருந்தாதவனுக்கு ஆன்மிக விழிப்பே கிடையாதா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: அடுத்த நிலைப் பயிற்சிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, போகவா வேண்டாமா?

தியானத்தைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டிருந்தாலும், "கோளாறு எங்கிட்டயா?" என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. என் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

நான் 1994லிருந்து தியானம் பழகுகிறேன். 19 வருடமாக மனநல ஆலோசகராக வேலை. வாரத்தில் இரண்டு மாலை திருச்சியில் ஒரு மாடி ஹாலில் பதினைந்து இருபது பேருக்குத் தியானம் சொல்லித்தருகிறேன். ஞானம் அடைந்தவன் இல்லை. அடைந்தவர் என்று துணிந்து சொல்லத்தக்க ஒருவரை அருகில் இருந்து பார்த்ததும் இல்லை. ஆகவே விழிப்பு, ஞானம் என்று இங்கே நான் எழுதுவதெல்லாம் படித்தது. உட்காருகிற மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பது மட்டும் கண்ணால் கண்டது. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாதது. எல்லோருக்கும் ஒரே முறை என்பது பழைய மரபுகளின் பேச்சே இல்லை. அது கூட்டமாக வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு வந்த வசதி. நூறு பேரை ஒரு ஹாலில் உட்காரவைத்தால் நூறு விதமாகச் சொல்லித்தர முடியாது, அதனால் ஒன்றைச் சொல்கிறோம். நானும் அதைத்தான் செய்கிறேன். இதில் தவறில்லை, ஆனால் அந்த வசதியையே தத்துவமாக்கி, ‘இது யாருக்கும் பலிக்கும், பலிக்காவிட்டால் உன்னிடம் குறை’ என்று சொல்லும்போதுதான் வம்பு.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் என்ற பிக்கு எழுதிய விசுத்திமக்கத்தைப் பாருங்கள். தேரவாத பௌத்தத்தில் தியானத்துக்கு அதைவிடப் பெரிய கையேடு கிடையாது. அதில் தியானப் பொருள்கள் 40. மனிதச் சுபாவங்கள் ஆறு: ஆசை மிகுந்தவர், கோபம் மிகுந்தவர், மந்தமானவர், நம்பிக்கை மிகுந்தவர், அறிவு மிகுந்தவர், ஓயாமல் யோசிப்பவர். கோபக்காரனுக்கு மைத்ரி (எல்லோரிடமும் அன்பைப் பாவிப்பது) போன்றவை, யோசித்துக்கொண்டே இருப்பவனுக்கு மூச்சு, நம்பிக்கையாளனுக்குப் புத்தரையும் தம்மத்தையும் நினைத்தல் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மருந்து. எனக்கு மிகவும் பிடித்தது அவர் தங்குமிடம் பற்றிச் சொல்வது. ஆசைக்காரனுக்கு அழுக்கான, பார்க்கச் சகிக்காத குடிலைக் கொடு, நின்றோ நடந்தோ பழகட்டும். கோபக்காரனுக்கு நல்ல காற்றோட்டமான, பெருக்கிக் கோலமிட்டது போன்ற இடத்தைக் கொடு, வாய்க்கு ருசியாகச் சாப்பாடு போடு, உட்கார்ந்தோ படுத்தோ பழகட்டும். இப்போது எந்த வகுப்பில் உங்கள் சுபாவம் பார்த்துப் பாய் போடுகிறார்கள்?

ஒருவன் எந்தச் சுபாவம் என்று கண்டுபிடிக்க நடை, காலடித்தடம், பெருக்கும் விதம், சாப்பிடும் விதம் எல்லாவற்றையும் அவர் வர்ணிக்கிறார். வர்ணித்துவிட்டு, இதெல்லாம் பாளி மூலத்திலும் இல்லை, பழைய உரையிலும் இல்லை, ஆசிரியர்களின் அபிப்பிராயம்தான், முழுதாக நம்பிவிடாதே என்றும் அவரே எழுதிவைக்கிறார். 1,500 வருடத்துக்கு முந்தைய ஒரு கையேட்டில் இந்த நேர்மை இருக்கிறது.

இன்னொரு கதை கொஞ்சம் இருண்டது, ஆனாலும் தவிர்க்க முடியாது. சம்யுத்த நிகாயம் என்ற பாளி நூலில் வருகிறது, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினயத்திலும் வருகிறது. வைசாலியில் புத்தர் பிக்குகளுக்கு உடலின் அருவருப்பைத் தியானிக்கச் சொல்லிவிட்டு, அரைமாதம் தனிமைக்குப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் சங்கம் மெலிந்திருக்கிறது. சீடர் ஆனந்தரிடம் ஏன் என்று கேட்கிறார். தியானம் செய்த பலர் தங்கள் உடலையே வெறுத்து உயிரை விட்டுவிட்டார்கள் என்று தெரிகிறது. ஆனந்தர் "வேறொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க, அப்போதுதான் மூச்சுத் தியானத்தை உபதேசிக்கிறார். பிற்கால உரைகாரர்கள் இதை முற்பிறவி வினை என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். இது வரலாற்றில் அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு முறை சிலரைக் கொல்லக்கூடும், அப்போது முறையை மாற்றவேண்டும் என்ற அறிவை அந்த மரபு மறைக்காமல் தன் நூலிலேயே வைத்திருக்கிறது. "விடாம உட்காருங்க" என்று ஆனந்தர் சொல்லவில்லை.

பதஞ்சலியும் அப்படியே. யோகசூத்திரத்தின் முதல் பாதத்தில் மனம் தெளிய வழி சொல்லும்போது 34ஆம் சூத்திரத்திலிருந்து 39 வரை ஒவ்வொன்றிலும் ‘வா’ என்ற சொல் வரும். ‘அல்லது’ என்று அர்த்தம். மூச்சை விட்டு நிறுத்தியாவது, அல்லது ஒரு புலனுணர்வைப் பற்றியாவது, அல்லது துயரமற்ற ஒளியையாவது, அல்லது பற்றற்ற ஒருவரின் மனத்தையாவது, அல்லது கனவிலும் உறக்கத்திலும் அறிந்ததையாவது. கடைசியாக, ‘அல்லது உனக்கு எது பிடிக்கிறதோ அதைத் தியானித்து’. கீதையின் 12ஆவது அத்தியாயத்தில் கண்ணன் இன்னும் இறங்கி வருகிறான். மனதை என்னிடம் வை. முடியாதா, பழகிப் பார். அதுவும் முடியாதா, எனக்காக வேலை செய். அதற்கும் முடியவில்லையா, செய்கிற காரியத்தின் பலனை விடு. அதோடு, தியானத்தைவிடப் பலனை விடுவது மேல் என்று முடிக்கிறான். வகுப்புக்கு விளம்பரம் போடுகிறவர்கள் இந்தச் சுலோகத்தைப் போட்டு நான் பார்த்ததில்லை.

நம் சைவத்தில் சரியை (கோயில் தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்று நான்கு. அப்பர் சரியைக்கு, சம்பந்தர் கிரியைக்கு, சுந்தரர் யோகத்துக்கு, மாணிக்கவாசகர் ஞானத்துக்கு என்று உதாரணம் காட்டுவார்கள். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சித்தாந்தம் இந்த நான்கையும் சமமாக வைக்கவில்லை. சரியைக்குச் சாலோகம் (இறைவனின் உலகில் இருப்பது), ஞானத்துக்குச் சாயுச்சியம் (இறைவனோடு ஒன்றுவது) என்று பலனிலும் படி வைத்திருக்கிறது. தாயுமானவர் அரும்பு, மலர், காய், கனி என்றார். ஆனால் நான்கு வாசல்களாகவும் இதைப் படிப்பவர்கள் உண்டு. உழவாரம் பிடித்த அப்பரை யாரும் அரும்பு நிலையிலேயே நின்றுவிட்டவர் என்று சொல்லத் துணிவதில்லையே. படியா, வாசலா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

எனக்கு அதில் வேறொன்று உறைக்கும். பெரியபுராணத்தில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருநின்றவூர் பூசலார் கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டுகிறார். கல் கல்லாக, சுதை, மதில், குளம், கிணறு எல்லாம் உள்ளே. காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கட்டிய கோயிலுக்கு வைத்திருந்த குடமுழுக்கு நாளிலேயே பூசலார் கோயிலுக்கும் நாள் குறித்திருக்கிறது. இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளை நான் அங்கே போகவேண்டும், நீ தள்ளிவை என்கிறார். இன்னொரு பக்கம் அப்பர். கோயில் கோயிலாகப் போய்ப் புல்லைச் செதுக்குகிறார். பூசலாரிடம் உழவாரத்தைக் கொடுத்து, அப்பரைக் கண்ணை மூடி மதில் கட்டச் சொல்லியிருந்தால் இரண்டு பேருமே நமக்குக் கிடைத்திருப்பார்களா?

இதை நான் சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. என் வகுப்புக்கு ஓர் ஆசிரியை வந்தார், ஐம்பது வயதிருக்கும். அதற்கு முன் பதினோரு வருடம் வேறோர் இடத்தில் பழகியவர். அங்கே புருவ நடுவில் ஒளியைப் பார்க்கச் சொல்வார்கள். "எல்லாரும் தெரியுதுன்னு தலையாட்டுனாங்க சார், நானும் ஆட்டுனேன்" என்றார். அவரிடம் கண்ணை மூடச் சொல்லி, உங்கள் சமையலறை அலமாரியை மனதில் கொண்டு வாருங்கள் என்றேன். எந்தத் தட்டில் எந்த டப்பா என்று கடகடவென்று சொன்னார். படம் தெரிகிறதா என்றால், "படமா? எனக்கு எதுவும் தெரியாதே, எங்க இருக்குன்னு தெரியும் அவ்வளவுதான்" என்றார். மற்றவர்களுக்கு நிஜமாகவே ஏதோ ஒரு படம் போலத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனக்கண் இல்லாத இந்த நிலைக்கு 2015இல் ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் நிபுணரும் அவருடைய குழுவினரும் அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள். நோய் கிடையாது, சிலர் பிறவியிலேயே அப்படி. ஒளி, தாமரை, சக்கரம் என்று காட்சியாகவே போகும் முறைகள் இவர்களுக்கு வெறும் இருட்டு. பதினோரு வருடம் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குச் சத்தம் நன்றாகப் பிடிபட்டது. மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லி, மெல்லக் குறைத்து, உதட்டசைவாக்கி, பிறகு உள்ளே கொண்டுபோகிற பழைய ஜப முறை மூன்று வாரத்தில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

இன்னொருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். இவர் கதை உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது, நண்பரே. மூச்சைக் கவனிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முகம் வெளிறும். சட்டைப்பையில் எதையோ தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் அது கீழே விழுந்தது, ஆக்சிமீட்டர். 2021 மே மாதம் ஒன்பது நாள் ஐசியூவில் இருந்திருக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் மூச்சு விட முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு மூச்சு என்றாலே அந்த வார்டுதான். நாம் எல்லோரும் ‘மூச்சு பாதுகாப்பானது, இயற்கையானது’ என்று பாடம் எடுக்கிறோம். அவருக்கோ உடம்பிலேயே பயமான இடம் அதுதான். கண்ணைத் திறந்துகொண்டு, மாடியில் வெறுங்காலோடு பன்னிரண்டு அடி போய்த் திரும்பி, பாதத்தில் தரை படுவதை மட்டும் கவனிக்கச் சொன்னேன். அடுத்த மாதம் ஆக்சிமீட்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். நான் கெட்டிக்காரன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏழு வாரம் அவரை மூச்சையே பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். அந்த மீட்டர் கீழே விழாவிட்டால் இன்னும் ஏழு வாரம் போயிருக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். 1992இல் ஷபிரோ என்பவர் நீண்டகாலத் தியானிகள் 27 பேரைக் கேட்டார். 17 பேர் ஏதாவது ஒரு பாதகமான விளைவாவது இருந்தது என்றார்கள். 2017இல் அமெரிக்காவில் ஜாரெட் லிண்டால், வில்லொபி பிரிட்டன் குழு பௌத்தத் தியானம் பழகும் அறுபது பேரை நீண்ட பேட்டி எடுத்தது. பயம், உறக்கமின்மை, ‘நான்’ என்ற உணர்வு கலைந்துபோவது, ஒளி தெரிவது என்று 59 வகை அனுபவங்களைப் பட்டியலிட்டார்கள். ஒரே அனுபவம் ஒருவருக்கு ஆனந்தம், இன்னொருவருக்கு நரகம். 2020இல் ஃபரியாஸும் சகாக்களும் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாதகமான விளைவுகள் சுமார் 8 சதவீதம் என்றார்கள். அப்புறம் 2022இல் பிரிட்டனில் 11 முதல் 13 வயதுக்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் மனமுழுமைப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சியைச் சோதித்தார்கள். வழக்கமான பாடத்தைவிட அது மேலானதாக இல்லை. அதேசமயம் மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களுக்கு, அது திரும்ப வராமல் தடுக்க, மனமுழுமையை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை உதவுகிறது என்று 2000இல் டீஸ்டேலும் சகாக்களும் செய்த ஆய்வு காட்டியது. இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கு அதே ஆய்வில் பலன் தெரியவில்லை. ஒரே மருந்து, யாருக்கு என்பதைப் பொறுத்து வேறு முடிவு.

ஆனால் இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். 8 சதவீதம் என்பது வெவ்வேறு முறை, வெவ்வேறு காலம், வெவ்வேறு வகையான ஆட்களைக் கலந்து எடுத்த சராசரி. இவர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டுக்காரர்கள்; காலையில் விளக்கேற்றி, வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய், வீட்டில் பாட்டியோடு வாழ்கிற ஒருவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை அளப்பது பதற்றத்தையும் சோர்வையும். ஞானத்தை அளக்கும் கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை. தியானம் விழிப்பைத் தருமா என்பதற்கு நம்மிடம் இருப்பது விழித்ததாகச் சொல்பவர்களின் சொல் மட்டும்தான். முப்பது வருடம் உட்கார்ந்து ஒன்றும் நடக்காமல் எழுந்து போனவர்கள் யாரும் ஆசிரமம் கட்டுவதில்லை, அதனால் அவர்கள் கதை நமக்கு வருவதே இல்லை.

இனி, நான் தவறு செய்த ஓர் இடம். பொறியியல் படிக்கும் ஒரு பையனை அவன் அப்பா கூட்டிவந்தார். பத்து நாள் மௌன முகாமுக்குப் போய்வந்த பிறகு தூங்குவதே இல்லை. ஆனால் களைப்பும் இல்லை. கண் பளபளவென்று இருந்தது. எல்லாம் ஒன்று என்று தெரிந்துவிட்டது, இதை உலகத்துக்குச் சொல்லும் வேலை தனக்கு இருக்கிறது என்றான். பேச்சு அழகாக இருந்தது. உண்மையைச் சொன்னால், நானே கொஞ்சம் மயங்கினேன். "ரெண்டு மூணு நாள் பாருங்க, சாப்பாடு கொடுத்து வெச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் இரவு ரயில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவனை ஆட்கள் பிடித்து வந்தார்கள். பிறகுதான் அவன் தாய்மாமாவுக்கு இருதுருவ (பைபோலார்) மனநோய் இருந்ததைக் குடும்பம் சொன்னது. நான் முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. மருந்தில் பையன் தேறிவிட்டான், இப்போது வேலையில் இருக்கிறான். அவனுக்கு நான் இனி தியானம் சொல்லித்தரமாட்டேன். அவனும் கேட்பதில்லை, வாரக்கடைசியில் பூப்பந்து விளையாடுகிறான்.

ஆகவே இதை மட்டும் கறாராகச் சொல்கிறேன். மூன்று நான்கு இரவு தூக்கமில்லை ஆனால் களைப்பும் தெரியவில்லை, குரல் கேட்கிறது, தனக்கென்று விசேஷப் பணி இருப்பதாகத் தோன்றுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் என்ற எண்ணம் வருகிறது, உலகமே பொம்மை போலத் தெரிந்து வேலை பார்க்க முடியவில்லை, இதில் எது வந்தாலும் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். குண்டலினி எழுந்ததா, இல்லையா என்ற விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள்; அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். வீட்டில் யாருக்காவது தீவிர மனநோய் இருந்திருந்தால் நீண்ட மௌன முகாம்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகவேண்டாம். ரத்த அழுத்தம், கண்நீர் அழுத்தம் (கிளாக்கோமா), கர்ப்பம், வலிப்பு உள்ளவர்கள் வேகமான பிராணாயாமத்தைத் தொடவேண்டாம்.

உட்காரும்போது வரும் பயத்துக்கும் கலக்கத்துக்கும் பழைய மரபில் பதில் உண்டு. தேரவாத நூல்களில் விபஸ்ஸனா என்ற உள்நோக்குத் தியானம் வளரும்போது பயம், அபாயம், வெறுப்பு என்று அடுத்தடுத்து வரும் ஞானநிலைகள் பேசப்படுகின்றன. அது நோயில்லை, வழியில் வரும் ஊர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஜப்பானில் ஹக்குயின் என்ற ஜென் குரு இளவயதில் விடாப்பிடியாக உட்கார்ந்து, தலை கொதித்து, கால் பனிக்கட்டியாகி, காதில் இரைச்சலோடு அலைந்தார். ஜென் நோய் என்றே அதற்குப் பெயர். தலையில் வெண்ணெய் உருண்டை உருகி உடம்பெல்லாம் வழிந்து இறங்குவதாகப் பாவிக்கும் ஒரு முறையில்தான் தேறியதாக அவரே எழுதியிருக்கிறார். நம் பக்கம் வேதாத்திரி மகரிஷி முறையில் ஆக்கினை (புருவ நடு), துரியம் (உச்சந்தலை) என்று மேலே ஏற்றும்போதே, சக்தியை முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுப்பார்கள். ஏற்றுகிறவர்களுக்கு இறக்கவும் தெரிந்திருந்தது. உங்கள் ஆசிரியர் "கர்மா கழியுது" என்று சொல்வதும் இந்த மரபிலிருந்து வந்த ஒரு துணுக்குதான். முழுவதும் பொய் என்று நான் தள்ளவில்லை. ஆனால் வழியில் வரும் ஊர் எது, வழி தவறிப்போன ஊர் எது என்று சொல்ல, தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஒருவர் வேண்டும். வாரம் ஒருமுறை மேடையிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. இந்த எல்லைக்கோடு எனக்கே பலநேரம் கலங்கலாகத்தான் தெரிகிறது. அந்தப் பையன் விஷயத்தில் தெரியவே இல்லை.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சோம்பேறிகள் எல்லாம் "எனக்குப் பொருந்தாதுன்னு அவரே சொல்லிட்டாரு" என்று பாயைச் சுருட்டிவிடுவார்கள். முதல் ஆறு மாதம் சலிப்பும், காலில் எறும்பும், கடன் தவணை நினைப்பும், திடீர்த் தூக்கமும் எல்லோருக்கும் வரும். அது பொருந்தாமை கிடையாது, மனது அப்படித்தான். காற்றைப் பிடிப்பது போல இருக்கிறது என்று அர்ஜுனனே புலம்பியிருக்கிறான். நான் பார்ப்பது வேறொன்றை: எழுந்த பிறகு மிச்ச நாள் எப்படிப் போகிறது? உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு அலைந்தாலும், எழுந்தபின் வீட்டு ஆட்களிடம் குரல் கொஞ்சம் தணிந்து, சாப்பாடு ருசித்து, தூக்கம் வந்தால், முறை வேலை செய்கிறது, தொடருங்கள். உட்காரும்போது அற்புதமாக இருந்து, எழுந்தபின் குக்கர் விசிலுக்கே எரிச்சல் வந்தால் ஏதோ சரியில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பதற்றம் எழுந்தபின்னும் மதியம் வரை நீள்கிறது. அதனால்தான் இது வெறும் சலிப்பு இல்லை என்று நினைக்கிறேன். மூன்று முறையிலும் பத்தாவது நிமிடமே வருகிறது என்பதும் கவனிக்கவேண்டியது. முறைகள் மூன்றாக இருந்தாலும் கண்ணை மூடுவது, அசையாமல் இருப்பது, மூச்சைப் பார்ப்பது மூன்றுக்கும் பொது. உங்களுக்கு ஒவ்வாதது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

அம்மாவைப் பற்றி. அவர் தியானம் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூத்தொடுக்கும்போது அவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பூ, நாரில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. வாயில் ஒரு வரி. நாற்பது வருடமாக அதே நேரம், அதே இடம், கவனம் முழுதும் விரல் நுனியில். அதற்குத் தியானம் என்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ரமணர் 1927இல் முப்பது பாடல்களில் எழுதிய உபதேச உந்தியாரில் உடலால் பூசை, வாக்கால் ஜபம், மனதால் தியானம் என்று ஒன்றைவிட ஒன்று உயர்வாக அடுக்குகிறார். ஆனால் மூன்றையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறார். மூச்சை அடக்கினால் மனம் வலையில் பட்ட பறவை போல ஒடுங்கும் என்கிறார், அது தற்காலிகம் என்றும் சொல்கிறார். வள்ளலார் ஜீவகாருண்யமே திறவுகோல் என்றார். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. அம்மாவின் நிதானம்தான் ஞானமா? எனக்குத் தெரியாது, அவரைக் கேட்டால் சிரிப்பார். அதேபோல அம்மாவுக்குப் பொருந்தியது மகனுக்குப் பொருந்தும் என்றும் இல்லை. பக்தி வராதவனைத் திருவாசகம் படிக்கவைப்பதும் மூச்சு ஒவ்வாதவனை மூச்சைப் பார்க்கவைப்பதும் ஒரே வகைத் தவறுதான்.

சரி, என்ன செய்வது? முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து தைராய்டு, ரத்த அழுத்தம், ஈசிஜி மூன்றையும் பார்த்துவிடுங்கள். படபடப்புக்குக் கர்மாவைவிட எளிய காரணங்கள் உண்டு. காலையில் உட்காருவதற்கு முன் காபி குடிக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், என் வகுப்பில் இரண்டு பேருக்கு அதுதான் காரணம். அதன்பின் ஒரு மண்டலம், 48 நாள், கண்ணை மூடும் பயிற்சி எதுவும் வேண்டாம். காலையில் இருபது நிமிடம் வெறுங்காலோடு நடங்கள், பாதத்தில் கவனம். அல்லது கோயில் நந்தவனத்தில் ஞாயிறுதோறும் உழவாரப் பணிக்குப் போகும் குழு உங்கள் ஊரிலும் இருக்கும். போய் இரண்டு மணி நேரம் புல் பிடுங்குங்கள். தினமும் இரவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று எத்தனை பேரிடம் எரிந்து விழுந்தேன். அந்த எண் குறைகிறதா என்று பார்ப்போம். 48 நாள் முடிந்ததும் கண்ணைத் திறந்தபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். படபடப்பு வந்தால் எழுந்துவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. ஏதாவது பழைய விபத்து, சாவு, சிறுவயதில் நடந்த கொடுமை உட்காரும்போது மேலே வருகிறது என்றால், அதைத் தியான ஆசிரியரிடம் கொண்டுபோகாமல் ஆலோசகரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்த நிலைப் பயிற்சிக்கு இப்போது போகவேண்டாம். முதல் நிலையில் வந்த படபடப்பு இரண்டாம் நிலையில் தீரும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், உடல்நிலை காரணம் என்று எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால், அடுத்த வருடத்துக்கு மாற்றி வைக்க முடியுமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் போகட்டும். அம்மாவிடம் மட்டும் எவ்வளவு கட்டினீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.